தம்பி பெயரில் அறுபத்திரண்டு அட்டைகள்

அகிதா
2018 நவம்பர் 4

கினுயோ அக்காவுக்கு,

போனில் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தையாவது கிழிக்காமல் படிப்பீர்கள் என்று எழுதுகிறேன். அண்ணன் வீட்டு மாடியறையில் இருக்கிறேன். சாப்பாட்டுக் கடை ஒன்றில் காலை வேலை கிடைத்திருக்கிறது. பெட்டிகளில் சோறு அள்ளி வைக்க வேண்டும். யாரோடும் பேச வேண்டாம்.

ஒன்று கேட்கத்தான் எழுதுகிறேன். முகவரி நோட்டு உங்களிடம் இருக்கிறது. வருடா வருடம் புத்தாண்டு அட்டைகளில் நீங்கள்தானே தூரிகையால் முகவரி எழுதுவீர்கள், அதனால் அங்கேயே தங்கிவிட்டது. அதை அனுப்ப முடியுமா? டிசம்பர் பிறப்பதற்குள் எல்லோருக்கும் துக்க அட்டை போய்ச் சேர வேண்டும். நாம் தெரிவிக்காவிட்டால் அவர்கள் வழக்கம்போல வாழ்த்து அனுப்பிவிடுவார்கள். ஜனவரி முதல் நாள் காலையில் "மொரிஹிகோ, இந்த வருடமும் கணவாய் மீன் நிறையக் கிடைக்கட்டும்" என்று ஒரு கட்டு அட்டை வந்து விழுந்தால் என்னால் தாங்க முடியாது.

உங்கள் கோபம் எனக்குத் தெரியும். மார்ச் மாதம் படகு மூழ்கியபோது ஐந்து பேரில் மூன்று பேர் உடல் கிடைத்தது. உங்கள் தம்பியும் இயந்திரம் பார்த்த எய்கிச்சியும்தான் கிடைக்கவில்லை. ஆறு மாதம் நானும் உங்களோடு துறைமுகத்துக்கு வந்து நின்றேன், அக்கா. செப்டம்பரில், அவர் இறந்ததாகப் பதிவதற்கு மனைவி என்ற முறையில் சம்மதித்து முத்திரை வைத்தேன். உங்களைக் கேட்காமல் செய்தது தப்பு. கேட்டால் விடமாட்டீர்கள் என்பதால்தான் கேட்கவில்லை.

துக்க அட்டையில் என் பெயருக்குக் கீழே உங்கள் பெயரையும் போடலாமா? வேண்டாமென்றால் வேண்டாம்.

ரிட்சுகோ


ஹச்சினோஹே
நவம்பர் 9

ரிட்சுகோ,

நோட்டு வராது. என் பெயரையும் போடாதே.

அவனுக்கு ஏழு வயதில் அம்மா போனாள். எனக்கு அப்போது பத்தொன்பது. பல் விழுந்தால் கூரைமேல் எறியச் சொன்னது நான். முதல் முறை கடலுக்குப் போனபோது வாந்தி எடுத்துக்கொண்டு வந்தவனைத் துடைத்துப் படுக்க வைத்தது நான். அவன் செத்தானா இல்லையா என்று ஒரு குமாஸ்தா காகிதத்தில் எழுதி, நீ அதில் முத்திரை வைத்தால் முடிந்துவிடுமா? எனக்கு அவன் உடலைக் காட்டு. காட்டினால் நானே குளிப்பாட்டி அனுப்புகிறேன். அதுவரை என் தம்பி வீட்டுக்கு வரத் தாமதமாகியிருக்கிறான், அவ்வளவுதான்.

நீ போகும்போது அச்சைப் புடைக்க வைக்கும் எம்பாஸிங் தூளையும் அதை உருக்கச் சூடு காட்டும் கருவியையும் எடுத்துப் போய்விட்டாய். திருப்பி அனுப்பு. மை இங்கே இருக்கிறது. அச்சும் இங்கே இருக்கிறது. ஒரு வருடத்து அட்டை தபாலில் போனதுமே அடுத்த வருடத்துக்குரிய ராசி மிருகத்தை ரப்பரில் செதுக்க உட்கார்ந்துவிடுவானே. இந்த ஜனவரியில் காட்டுப்பன்றியைச் செதுக்கினான். "நம்ம ஊர்ல ஏதுடா பன்றி, எங்க பாத்த?" என்று கேட்டேன். ரப்பர் துகளை ஊதிக்கொண்டே, "எதுக்கு வெளிய போய் பாக்கணும்? நீ தூங்கி எழுந்து வர்றத பாத்தா போதாதா?" என்றான். நீ அடுப்படியிலிருந்து சிரித்தாய். மறந்துவிட்டதா?

அவன் வந்து, "என்னக்கா, இந்த வருஷம் அட்டை போடலயா?" என்று கேட்டால் நான் என்ன சொல்வது?

கினுயோ


அகிதா
நவம்பர் 21

அக்கா,

தூளும் கருவியும் இந்தப் பெட்டியில் இருக்கின்றன. உங்களுக்கும் அதில் பங்கு உண்டு, கொடுக்கமாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்கவும் பயமாக இருக்கிறது.

நோட்டு இல்லாமலே துக்க அட்டை அனுப்பிவிட்டேன். இந்த ஜனவரியில் நமக்கு வந்த வாழ்த்து அட்டைகளின் கட்டு என்னிடம் இருந்தது. ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பியவர் முகவரியைப் பார்த்து எழுதினேன். சாம்பல் நிறத்தில் அச்சான அட்டைதான், தாமரைகூட இல்லாதது. என் பெயர் மட்டும்.

ஒருவருக்கு அனுப்பவில்லை. எய்கிச்சியின் அம்மாவுக்கு. தோமே அம்மாவின் மகனும் இன்னும் கிடைக்கவில்லை. அவர் பதிவும் செய்யவில்லை. "என் கணவர் இறந்துவிட்டார்" என்று நான் எழுதினால், "உங்கள் மகனும்தான்" என்று சொன்னதாக ஆகாதா? மூன்று முறை எழுதி மூன்றையும் கிழித்துப் போட்டேன்.

முத்திரை வைத்த காரணத்தை நீங்கள் கேட்கவே இல்லை. நானே சொல்கிறேன். அவர் கரைக்கு வருகிற நாளில் குளியல் தொட்டியில் வெந்நீர் நிரப்பி மூடி வைப்பேன். வந்ததும் முதலில் அதில்தான் இறங்குவார். மார்ச்சுக்குப் பிறகு எந்த நாள் என்று தெரியாததால் தினமும் நிரப்பினேன். தினமும் அது ஆறியது. நான் அதில் குளிக்கவில்லை, அக்கா. ஆறு மாதம் பொதுக் குளியலறைக்குப் போனேன். செப்டம்பரில் ஒரு நாள் சாயங்காலம் அடைப்பைப் பிடுங்கிவிட்டு, தண்ணீர் முழுக்க வடிகிறவரை நின்று பார்த்தேன். மறுநாள் அலுவலகத்துக்குப் போனேன். அன்புக் குறைவால் செய்தேன் என்று நினைக்கிறீர்கள். அந்தத் தொட்டியை இன்னொரு நாள் நிரப்பியிருந்தால் நானே அதில் முகத்தை அமிழ்த்தியிருப்பேன்.

ரிட்சுகோ


ஹச்சினோஹே
டிசம்பர் 23

ரிட்சுகோ,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதாததற்குக் காரணம் கோபம் இல்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை. குளியல் தொட்டி விஷயத்தை அன்றே என்னிடம் சொல்லியிருக்கலாம். நானும் நல்லபடியாகக் கேட்டிருக்கமாட்டேன், அதுவும் உண்மை.

ஆனால் அட்டைகளைச் செய்து முடித்துவிட்டேன். அறுபத்திரண்டு. இன்று மத்தியானம் தபாலாபீஸில் புத்தாண்டு அட்டைக்கென்று வைத்திருக்கும் பெட்டியில் போட்டேன். முதல் தேதி காலையில் எல்லார் வீட்டுக்கும் போய்விடும்.

நீ செய்யும்போது எத்தனை வருடம் எதிரில் உட்கார்ந்து பார்த்திருப்பேன்! ஆனாலும் முதல் பதினோரு அட்டைகள் பாழ். கணவாய் வெட்டும் கை, ரிட்சுகோ. மையை அதிகமாக ஒற்றினால் பன்றியின் கால்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகின்றன. குறைவாக ஒற்றினால் முதுகு விழுவதில்லை. தூளைத் தூவி, தட்டி உதிர்த்தபிறகு பார்த்தால் மாவில் புரண்ட எலி மாதிரி மங்கலாக இருக்கிறது. கருவியைப் பக்கத்தில் வைத்தால் அட்டை வளைந்து கருகுகிறது. தள்ளிவைத்தால் ஒன்றும் நடப்பதில்லை. நீ எவ்வளவு தூரத்தில் பிடிப்பாய் என்று நான் ஒரு நாளும் கவனிக்கவில்லை.

பன்னிரண்டாவது அட்டையில் பிடிபட்டது. வால் பக்கத்திலிருந்து உருக ஆரம்பித்து, ஈரம் பரவுகிற மாதிரி முதுகில் ஓடி, மூக்குவரை போய், முழுப் பன்றியும் சிவப்பாக மினுங்கிக்கொண்டு காகிதத்திலிருந்து புடைத்து எழுந்தது. ஆறியபிறகு விரலால் தடவிப் பார்த்தேன். அவன் கத்தி திரும்பிய ஒவ்வோர் இடமும் தெரிந்தது. அன்றைக்கு அதற்குமேல் செய்ய முடியவில்லை.

வாசகம் வழக்கமானதுதான். "புத்தாண்டு வாழ்த்துகள். இந்த வருடமும் என்னைப் பார்த்துக்கொள்ளுங்கள். மொரிஹிகோ." நோட்டில் இருந்த வரிசைப்படியே முகவரி எழுதினேன். உன் பெயரைக் கடைசியில் சேர்த்துக்கொண்டேன்.

நீ திட்டுவாய். திட்டு.

கினுயோ


அகிதா
2019 ஜனவரி 2

அக்கா,

நேற்று காலை அண்ணி அட்டைக் கட்டைப் பிரித்து அவரவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்ததைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துப்போய்விட்டது. குழந்தைகள் முன்னால் எதுவும் கேட்காமல் என் கையில் கவிழ்த்து வைத்தார்.

கையெழுத்து உங்களுடையது என்று எனக்குத் தெரியும். அச்சை அடித்தது நீங்கள், உருக்கியது நீங்கள். எல்லாம் தெரிந்தும், மாடிக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, அந்தப் பன்றியைத் தடவியபடி அரைமணி நேரம் அவர் உயிரோடு இருப்பதாக நம்பினேன். மனதார நம்பினேன். எந்த ஊர், எந்தத் தீவு, ஏன் இவ்வளவு நாள் எழுதவில்லை என்று காரணம் எல்லாம் கண்டுபிடித்துக்கொண்டேன். பிறகு அது போய்விட்டது. அவரை இரண்டாம் முறை இழந்தேன், அக்கா. முதல் முறை போன் செய்து சொன்னவர் யாரோ முகம் தெரியாத அதிகாரி. இந்த முறை நீங்கள்.

என்னைத் தண்டிக்க எனக்கு ஒன்று அனுப்பினீர்கள், சரி. மற்ற அறுபத்தொரு பேர் என்ன செய்தார்கள்? சாம்பல் அட்டை வந்த வீட்டுக்கே சிவப்பு அட்டையும் போயிருக்கிறது. முடிதிருத்தும் கடைக்காரர் எனக்கு போன் செய்தார். "தங்கச்சி, தப்பா நினைக்காத. எது நெசம்?" என்று கேட்டார்.

நோட்டில் இருந்த வரிசைப்படி என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் எய்கிச்சி பெயரும் இருக்கிறதே. அவருக்கும் போட்டீர்களா? தயவுசெய்து இல்லை என்று எழுதுங்கள்.

ரிட்சுகோ


ஹச்சினோஹே
ஜனவரி 8

ரிட்சுகோ,

போட்டேன்.

யோசிக்காமல் போட்டேன் என்று உனக்குச் சொல்லலாம். அது பொய். மொரி இருக்கிறான் என்றால் எய்கிச்சியும் இருக்கத்தானே வேண்டும்? ஒருவனை உயிரோடு வைத்துவிட்டு மற்றவனை விட்டுவிட முடியவில்லை. "எய்கிச்சி அவர்களுக்கு" என்று அவன் அம்மா வீட்டு முகவரிக்கு எழுதினேன்.

மூன்றாம் தேதி காலை தோமே அம்மா வந்தார். எழுபத்தாறு வயதில், பனியில், இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். நல்ல கிமோனோ. துணியில் சுற்றிய ஒரு பானை. வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல், "எப்ப வந்தான்?" என்றார்.

"யாரும்மா?"

"விளையாடாத கினுயோ. மொரிய கூப்பிடு. சூப் கொண்டு வந்திருக்கேன், அப்பளம் போட்டது, அவனுக்கு பிடிக்குமே. சாப்பிடட்டும். எனக்கு ரெண்டு வார்த்த கேட்டா போதும், போயிடுவேன்."

உள்ளே கூட்டிவந்து, அடியில் கணப்பு உள்ள தாழ்ந்த மேசையருகே உட்கார வைத்தேன். மார்புத் துணிக்குள்ளிருந்து அட்டையை எடுத்தார். என் கண்ணெதிரே பன்றியின்மேல் விரலை ஓட்டினார்.

"இது அவன் கை. இருபது வருஷமா எங்க வீட்டுக்கு வருது, எனக்கு தெரியாதா? இங்க பாரு, எய்கிச்சி பேருக்கு எழுதியிருக்கான். செத்தவனுக்கு எவனாவது வாழ்த்து எழுதுவானா? 'என்னை பாத்துக்கோ'ன்னு வேற கேக்குறான். ரெண்டு பேரும் ஒன்னாத்தான் இருந்திருக்காங்க."

"நான் எழுதினேன்மா. அச்சு அவன் போன வருஷம் செதுக்குனது. அடிச்சது, எழுதினது, தபால்ல போட்டது எல்லாம் நான்தான்."

"நீயா? நீ எதுக்கு எழுதணும்?"

ரிட்சுகோ, நான் அட்டையை அவர் கையிலிருந்து வாங்கி மேசைமேல் கவிழ்த்து வைத்தேன். அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, உள்ளறையில் யாரோ இருக்கிற மாதிரி அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"புரியுது. அவன் தனியா வந்துட்டான். என் பையன விட்டுட்டு வந்துட்டான். அதான் மறைக்கிற. நான் ஒன்னும் சொல்லமாட்டேன்னு அவன்கிட்ட சொல்லு. கடல்ல யார் யாருக்கு என்ன பண்ண முடியும்? விட்டுட்டு வந்திருந்தாலும் பரவாயில்ல. எங்க விட்டான்னு மட்டும் சொல்லட்டும்."

பானையை வைத்துவிட்டுப் போனார். அதை என்னால் கொட்டவும் முடியவில்லை, தொடவும் முடியவில்லை.

கினுயோ


அகிதா
ஜனவரி 14

அக்கா,

இந்தக் கடிதத்தை நான்கு நாட்களாக எழுதுகிறேன். உங்கள்மேல் பழி போட நினைத்து உட்கார்ந்தால் அது பாதியில் என்மேல் திரும்பிவிடுகிறது. எல்லோருக்கும் துக்க அட்டை போட்ட நான் தோமே அம்மாவுக்கு மட்டும் போடவில்லை. அவரும் அந்தச் சாம்பல் அட்டையைப் பார்த்திருந்தால், முடிதிருத்துபவர் மாதிரி சந்தேகப்பட்டாவது கேட்டிருப்பார். இரக்கம் என்று நினைத்தேன். அவர் முகத்தைப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லாததுதான் காரணம். தூளையும் நான்தான் அனுப்பினேன்.

இப்போது அவருக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டிருக்கிறேன். நடந்ததை அப்படியே எழுதினேன். பதிவு நகலையும் சேர்த்து வைத்தேன். நம்புவாரா தெரியவில்லை.

நீங்கள் சாப்பிடுகிறீர்களா?

ரிட்சுகோ


ஹச்சினோஹே
ஜனவரி 30

ரிட்சுகோ,

நம்பவில்லை. உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்து என்னிடமே படித்துக் காட்டினார். "பொண்டாட்டிய ஊர விட்டு அனுப்பிட்டீங்க, செத்துட்டான்னு காகிதம் வாங்கிட்டீங்க. இவ்வளவு ஏற்பாடு எதுக்கு? உயிரோட இருக்கிறவன மறைக்கத்தானே?" என்றார். சொல்லச் சொல்ல எல்லாம் அவர் பக்கமே சாட்சியாகப் போய்ச் சேருகிறது.

இப்போது தினமும் வருகிறார். காலைப் பஸ்ஸில் வந்து, எதிரே பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்து என் ஜன்னலைப் பார்க்கிறார். கூப்பிட்டால் வரமாட்டார், "அவன் வெளிய வரட்டும்" என்கிறார். நான் போர்வை கொண்டுபோய்ப் போர்த்துகிறேன். மத்தியானப் பஸ்ஸில் திரும்பிப் போகிறார். வேலைக்குப் போனால் கணவாய் வெட்டும் கூடத்தில் பெண்கள் நான் வந்ததும் பேச்சை நிறுத்துகிறார்கள். நேற்று ஒருத்தி கேட்டேவிட்டாள்: "கினுயோக்கா, உண்மையிலேயே வீட்ல யாரும் இல்லையே?" கத்தியைக் கீழே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

பத்து மாதம் நான் ஊர் முழுக்கச் சொன்னது என்ன? அவன் சாகவில்லை என்றுதானே. என்னை நம்பியது ஒரே ஒரு ஆள். அந்த ஆளிடம் போய் அவன் செத்துவிட்டான் என்று நான் நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

ஒரே வழிதான் தோன்றுகிறது. மொரிக்கு இறுதிச் சடங்கு செய்துவிடுவோம். கோயிலில் பேசிவிட்டேன். பிப்ரவரி பதினாறு. படம் வைத்து, ஊரைக் கூட்டி, பெட்டி வைத்து, எரிக்கக் கொண்டுபோவது வரை முறைப்படி. அவர் வந்து கண்ணால் பார்க்கட்டும். அக்காவே அழுது அனுப்புகிறாள் என்றால் நம்பாமல் இருக்க முடியுமா?

அன்றைக்கு நீ முத்திரை வைத்தபோது உன்னைக் கொலைகாரி என்றேன். அதை வைத்துக்கொள்ளாதே. என்னிடமே கொடுத்துவிடு.

வா.

கினுயோ


அகிதா
பிப்ரவரி 6

அக்கா,

வருகிறேன். முந்தின நாளே வந்து உங்களோடு தங்குகிறேன்.

பெட்டிக்குள் வைக்க அவருடைய சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையையும் வேலைக்குப் போடும் பருத்திக் கால்சட்டையையும் இதோடு அனுப்பியிருக்கிறேன். இரண்டும் துவைக்காதவை. துவைக்கலாம் என்று பல முறை எடுத்தேன், முடியவில்லை. உலோகப் பொத்தான்களைப் பிரித்துவிட்டேன், எரியூட்டுகிற இடத்தில் அனுமதிக்கமாட்டார்கள்.

உங்களுக்கு இதைச் செய்வது எவ்வளவு கடினம் என்று தெரியும். சடங்கு முடிந்தால் உங்களுக்கும் ஏதாவது முடியும் என்று நினைத்துக்கொள்கிறேன். எனக்கு முத்திரை வைத்த அன்று எதுவும் முடியவில்லை. ஆனால் தூக்கம் வந்தது.

ரிட்சுகோ


ஹச்சினோஹே
பிப்ரவரி 20

ரிட்சுகோ,

மலைப்பாதையில் ரயில் நின்று, நான்கு மணி நேரம் கழித்துப் பயணிகளைத் திருப்பி அனுப்பிவிட்டதாக உன் அண்ணன் போனில் சொன்னார். அழாதே. பனிக்கு நீ என்ன செய்வாய்? நீ இல்லாததும் நல்லதுதான். என்ன நடந்தது என்று நானே சொல்லிவிடுகிறேன்.

முப்பது பேர் இருப்பார்கள். தோமே அம்மாவை நானே டாக்சியில் கூட்டிவந்து முதல் வரிசையில், உனக்காக வைத்திருந்த இடத்தில் உட்கார வைத்தேன். பிக்கு ஓதி முடிக்கிறவரை அசையவில்லை. ஊதுபத்திப் பொடியை எல்லோரும் போல மூன்று முறை எடுத்துப் போட்டார். என்னையும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அழுதேன். நடிக்க வேண்டியிருக்கும் என்று பயந்தேன், தேவைப்படவில்லை. படத்தில் அவன் சிரித்துக்கொண்டிருந்தான். நம்பிவிட்டார் என்றே நினைத்தேன்.

கடைசியில் பூ வைப்பதற்காகப் பெட்டியைத் திறந்தார்கள். கம்பளிச் சட்டையை மடிக்காமல், கைகளைப் பக்கத்தில் நீட்டி, ஆள் படுத்திருக்கிற மாதிரி விரித்து வைத்திருந்தேன். எல்லோரும் சட்டையைச் சுற்றி வெள்ளைச் சாமந்தி வைத்தார்கள். தோமே அம்மா முறை வந்தது. பூவை வைக்கவில்லை. குனிந்து சட்டைக் கையை மெல்ல அமுக்கினார். மார்பை அமுக்கினார். கால்சட்டையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு கையை முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவினார். யாரும் அவரைத் தடுக்கவில்லை.

"இதுல ஒருத்தரும் இல்ல" என்றார்.

நிமிர்ந்து எல்லோரையும் பார்த்தார். முகம் முழுக்கச் சிரிப்பு, ரிட்சுகோ. பத்து வயது குறைந்த மாதிரி. "எல்லாரும் வந்து பாருங்க. வெறும் துணிதான். நான்தான் சொன்னேனே, அவன் இதுல இல்ல!" என்று கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். பிறகு என்னிடம் வந்து, மண்டியிட்டு உட்கார்ந்திருந்த என் தலையைத் தன் இடுப்போடு சேர்த்து அணைத்துக்கொண்டார்.

"அழாத கினுயோ. எதுக்கு அழுற? காலி பெட்டி. அவனுக்கு ஒன்னும் ஆகல."

உன்னிடம் மட்டும் சொல்கிறேன். அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. முப்பது பேருக்கு முன்னால், அவன் படத்துக்கு முன்னால், அவர் கிமோனோ மடிப்புக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, ஆமாம், அவன் இதில் இல்லை என்று நினைத்தேன். பெட்டியை மூடி எடுத்துப் போனார்கள். எரித்தார்கள். பொறுக்கி எடுக்க எலும்பு இல்லாததால் ஒரு கைப்பிடிச் சாம்பலைச் சாடியில் போட்டுக் கொடுத்தார்கள். துணிச் சாம்பல். அதைப் பார்த்தபோது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. நீ சொன்ன அந்தத் தூக்கமும் வரவில்லை.

மறுநாளிலிருந்து அவர் பெஞ்சில் உட்காருவதில்லை. நேராக வீட்டுக்குள் வருகிறார். நான் தடுப்பதில்லை. ஒவ்வோர் அறையாகப் பார்க்கிறார், படுக்கை வைக்கும் அலமாரியைத் திறந்து பார்க்கிறார், கொல்லைப்பக்கம் போய்ப் பனியில் காலடி இருக்கிறதா என்று பார்க்கிறார். பிறகு என்னோடு உட்கார்ந்து டீ குடிக்கிறார். எய்கிச்சி சின்ன வயதில் செய்த சேட்டைகளைச் சொல்கிறார், நான் மொரி செய்ததைச் சொல்கிறேன். இருவரும் சிரிக்கிறோம். கிளம்பும்போது, "இன்னிக்கும் இல்ல. சரி, நாளைக்கு பாப்போம்" என்கிறார். நானும் "பாப்போம்மா" என்கிறேன். உண்மையைச் சொல்வதை விட்டுவிட்டேன்.

நேற்று அவர் அலமாரியைத் திறந்தபோது நானும் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன்.

நீ வராதே, ரிட்சுகோ. அங்கேயே இரு. இங்கே வந்தால் மூன்றாவது ஆளாகி விடுவாய்.

கினுயோ